நூற்றுச் சொச்சம் சும்மா

இசைக்குழுவில் ஜால்ரா என்று பெயரெடுத்தவர் ஒரு சனிக்கிழமை மாலைக் கச்சேரியில் தன் முறை வரட்டும் என்று நாற்காலியில் உட்கார்ந்தார். இருபத்து மூன்று வருஷம் கழித்து எழுந்தார். இடையில் அவர் சாப்பிடவில்லை, தூங்கவில்லை, ஒரு முடி நரைக்கவில்லை. எண்ணிக்கொண்டிருந்தார், அவ்வளவுதான். அவர் உட்கார்ந்த வருஷம் பால் விலை இரண்டு முறை ஏறியது, அரங்கத்து வாசல் கதவுக்குப் பச்சை வர்ணம் அடித்தார்கள். அவர் எழுந்த வருஷம் பால் விலையைப் பற்றிப் புலம்புவதையே ஜனங்கள் விட்டிருந்தார்கள், பச்சைக்கு மேல் மூன்று வர்ணம் ஏறியிருந்தது.

இது விளங்க வேண்டுமானால் முதலில் சும்மா என்றால் என்னவென்று தெரிய வேண்டும். அச்சிட்ட இசைத் தாளில் செங்குத்துக் கோடு போட்டுக் கட்டம் கட்டமாகப் பிரித்திருப்பார்கள். ஒரு வாத்தியத்துக்கு வேலையில்லாத இடத்தில் வெறும் கட்டங்களை அச்சிட்டுத் தாளை வீணாக்காமல், ஒரு தடித்த படுக்கைக் கோடு இழுத்து மேலே எண்ணைப் போட்டுவிடுவார்கள். நாற்பது என்று இருந்தால் நாற்பது கட்டம் வாயை மூடிக்கொண்டு எண்ண வேண்டும். புத்தகத்தில் அதற்கு ஓய்வு என்று பெயர். வாசிக்கிறவர்கள் யாரும் அப்படிச் சொல்லிக் கேட்டதில்லை. "எனக்கு நாப்பது சும்மா," "உனக்கென்னப்பா, எழுபது சும்மா, கொடுத்து வெச்சவன்" என்றுதான் பேசிக்கொள்வார்கள். பேச்சுக்குத்தான் சும்மா. வேலை என்று பார்த்தால் அதைப் போல முதுகை ஒடிக்கும் வேலை வேறு கிடையாது. "வாசிக்கிறவன் தப்பு பண்ணினா பக்கத்துல இருக்கறவனுக்குத்தான் தெரியும், சும்மா இருக்கறவன் தப்பு பண்ணினா ஊருக்கே தெரியும்" என்பார் ட்ரம்பெட்காரர். அதனால் எண்ணுகிறவரை யாரும் கூப்பிடக் கூடாது, தொடக் கூடாது. அவர் ஒரு விரலைத் தூக்கினால் விலகிப் போய்விட வேண்டும். முன்னொரு காலத்தில் கிளாரினெட் வாசித்த ஒருவரை எண்ணும்போது யாரோ தோளைத் தட்டி நேரம் கேட்டுவிட்டார்கள். அவர் இன்றைக்கும் கடைத்தெரு மூலையில் நின்றுகொண்டு, இருபத்தேழுக்கு அப்புறம் என்ன என்று போகிறவர் வருகிறவரை எல்லாம் விசாரித்துக்கொண்டிருக்கிறார். இருபத்தெட்டு என்று சொன்னால் நம்புவதில்லை.

நம்மவர் இரண்டு பித்தளைத் தட்டுகளை மோத விடுகிறவர். அதனால்தான் ஜால்ரா. மற்றபடி ஆயுளில் ஒருவருக்கும் ஜால்ரா போட்டவர் இல்லை; நல்ல வெயில் அடிக்கிறதே என்று எவராவது சொன்னால், எங்கே அடிக்கிறது என்று வெளியே போய்ப் பார்த்துவிட்டு வருவார். பேச்சும் கஞ்சம். நாள் முழுவதும் மனதுக்குள் எண்ணுகிறவருக்கு வீட்டில் பேச என்ன மிச்சம் இருக்கும்? அவருடைய மனைவிதான் குழுவின் தாள்களை ஒட்டுகிறவள். ஒட்டு அக்கா என்பது வாய்க்கு வாய் நசுங்கி ஒட்டக்கா ஆகியிருந்தது. புதிதாகச் சேருகிறவர்கள் ஒட்டகம் என்று காதில் வாங்கிக்கொண்டு கொஞ்ச நாள் மரியாதையாக விலகி நடப்பார்கள்.

ஒட்டக்காவின் அறை மேடைக்கு நேர் கீழே இருந்தது. அச்சகத்திலிருந்து தாள்கள் ஒற்றை ஒற்றையாக வரும். அவற்றை வரிசைப்படுத்தி, விளிம்போடு விளிம்பு வைத்து, ஈரம் தொட்டால் பிடித்துக்கொள்ளும் காகித நாடாவால் பின்பக்கம் ஒட்டி, எலும்புத் தகட்டால் தேய்த்து, விசிறி போல மடிகிற நீளத் தாளாக்கித் தர வேண்டும். வயலின்காரர்கள் தாள் வைக்கும் தாங்கி ஒன்றுக்கு இருவராக உட்காருகிறவர்கள், உள்பக்கம் இருப்பவர் புரட்டுவார்; அவர்களுக்குப் புத்தகமாகத் தைப்பாள். எந்த வாத்தியமானாலும் புரட்டுகிற இடத்தில் கை சும்மா இருக்க வேண்டும். இல்லாவிட்டால் தாளை வெட்டி இடம் மாற்றியாவது அப்படி அமைத்துக் கொடுப்பாள். இதெல்லாவற்றையும் விட முக்கியமான ஒன்று உண்டு. இரண்டு தாளுக்கும் நடுவில் நகக்கனம் இடைவெளி விட்டுத்தான் ஒட்ட வேண்டும். நெருக்கி ஒட்டினால் தாள் மடியாது, விறைத்துக்கொண்டு நிற்கும், மூடவும் மூடாது. "ஒட்டுன்னா ஒட்டிக்கிட்டே கிடக்கறது இல்லப்பா, நடுவுல மூச்சு விட எடம் வேணும்" என்று அவள் புதிதாக வந்தவர்களுக்குச் சொல்வாள். ட்ரம்பெட்காரர் அதை வீட்டுக்குப் போய்த் தன் மனைவியிடம் சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்டார்.

அந்த வாரம் வியாழக்கிழமை ஜால்ரா கை கழுவிக்கொண்டே, வேறொரு ஊர்க் குழுவில் தன்னைக் கூப்பிட்டிருப்பதாகச் சொன்னார். "சனிக்கிழமை கச்சேரி முடிஞ்ச கையோட கிளம்பணும்" என்றார். யார் கிளம்பணும் என்று சொல்லவில்லை. நம் பாஷையில் அந்த வசதி உண்டு. ஒருவர் போவதற்கும் ஒரு குடும்பமே போவதற்கும் அதே கிளம்பணும்தான். ஒட்டக்கா அடுத்த வார்த்தைக்காகக் காத்திருந்தாள். அவர் துண்டில் கையைத் துடைத்துக்கொண்டு போய்விட்டார். வெள்ளிக்கிழமை முழுவதும் காத்திருந்தாள். சாயங்காலம் அவர் முழங்காலில் விரலால் தட்டி எண்ணிப் பார்த்துக்கொண்டிருந்தபோது மனதைத் திடப்படுத்திக்கொண்டு, "நானும் வரவா?" என்று கேட்டாள். அவர் நிமிராமலே, "அட, சும்மா இரேன்" என்றார். அவ்வளவுதான் பேச்சு. சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி என்பார்கள். கேட்காமலே இருந்திருக்கலாம் என்று அவளுக்குத் தோன்றியது. இத்தனை வருஷம் ஒரே கூரைக்குக் கீழே இருந்தும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை என்று ஒரு வார்த்தையில் சொல்லிவிட்டாரே என்று நெஞ்சு எரிந்தது.

சனிக்கிழமை காலையில் அவருடைய தாள்களை ஒட்டினாள். மொத்தம் ஐந்து. முதல் நான்கிலும் நூற்றுச் சொச்சம் சும்மா, நடுநடுவே எண்ணிக்கைக்கு உதவியாக மற்றவர்கள் வாசிப்பது பொடி எழுத்தில். ஐந்தாவதில் ஒரே ஒரு அடி. அதோடு எல்லாம் முடிகிறது. ஒட்டக்கா நான்காவது தாளின் விளிம்பை ஐந்தாவதோடு சேர்ப்பதற்குப் பதிலாக முதல் தாளின் விளிம்போடு சேர்த்து ஒட்டினாள். நகக்கனம் இடைவெளி கூட விடாமல் நெருக்கி ஒட்டினாள். கண் செய்த தப்பா, கோபத்தில் கை செய்த தப்பா என்று பிறகு பல பேர் பல விதமாகச் சொன்னார்கள். ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? அவளுக்கே தெரியாது என்பதுதான் நிஜம்.

கச்சேரியில் ஜால்ரா முதல் தாளை எண்ணினார், இரண்டாவதை எண்ணினார், நான்காவது முடிந்து புரட்டியபோது மறுபடி சும்மா வந்தது. எண்ணினார். தேர்ந்த எண்ணுகாரனுக்குத் தாளின் மேல் சந்தேகம் வராது, அதுவும் பெண்டாட்டி ஒட்டிய தாளின் மேல். பித்தளை அடி விழாமலே இசை முடிந்தது, சபை கை தட்டியது, இசை நடத்துநர் முறைத்தார், விளக்கு அணைந்தது. கூப்பிடப் போனவர்களிடம் ஜால்ரா ஒரு விரலைத் தூக்கிக் காட்டினார். கிளாரினெட்காரர் கதி எல்லோருக்கும் நினைவிருந்ததால் விலகி வந்துவிட்டார்கள். மறுநாள் பார்த்தார்கள், அதே நாற்காலி, அதே முணுமுணுக்கும் உதடு, தாள் மட்டும் சுற்றிச் சுற்றிப் புரண்டுகொண்டிருந்தது. மருத்துவர் வந்து தூரத்தில் நின்று பார்த்துவிட்டு, நாடி சீராக இருக்கும்போல் தெரிகிறது, எண்ணி முடித்ததும் எழுந்துவிடுவார் என்று சொல்லிப் போனார். அன்று காலைதான் ஒட்டக்கா தன் மேசைக்கு அடியில் ஐந்தாவது தாளைப் பார்த்தாள். எடுத்து, துடைத்து, இரும்பு அளவுகோலுக்குக் கீழே வைத்தாள். ஒருவரிடமும் சொல்லவில்லை.

ஏன் சொல்லவில்லை என்பதில் ஒளிவுமறைவு ஒன்றும் இல்லை. அந்தத் தாளைச் சேர்த்தால் அவர் அடிப்பார். அடித்தால் கச்சேரி முடியும். முடிந்த கையோடு கிளம்பணும். எண்ணிக்கொண்டிருக்கிற வரைக்கும் அவர் இங்கே இருப்பார், தன் தலைக்கு மேலே, கூப்பிடு தூரத்தில், கூப்பிடத்தான் முடியாது. நாளைக்குச் சரி செய்துவிடலாம் என்று அவள் தினமும் நினைத்தாள். நாளை என்பது மறுவாரமாகி, மறுவருஷமாகி, பிறகு செய்தால் என்ன முகத்தோடு செய்வது என்ற வெட்கமாகிவிட்டது.

குழுவினர் பழகிக்கொண்டார்கள். பித்தளைத் தட்டுக்கு வேறொருவரைச் சேர்த்துப் பக்கத்தில் உட்கார வைத்தார்கள். ஜால்ராவின் நாற்காலியைச் சுற்றிக் கை நீட்டும் தூரத்துக்கு ஒரு சத்தமும் கேட்பதில்லை என்பதை முதலில் கண்டுபிடித்தவள் இரட்டைக் குழந்தை பெற்ற செல்லோக்காரி. ஒத்திகையின்போது தொட்டிலைக் கொண்டுவந்து அங்கே விட்டுவிடுவாள். பிள்ளைகள் வாய் பிளந்து அழுவது கண்ணுக்குத் தெரியும், காதுக்கு எட்டாது. நெடுநாள் பகையுள்ள இரண்டு வயலின்காரர்கள் ஒருநாள் அங்கே போய் நின்று கையை ஆட்டி ஆட்டிச் சண்டை போட்டார்கள். ஒருவர் திட்டியது இன்னொருவருக்குக் கேட்காததால் பசி எடுத்து ஒன்றாகச் சாப்பிடப் போனார்கள். அரங்கத்து மேலாளர் மட்டும் நாற்காலியை ஓரமாக நகர்த்த வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தார். முதல் வருஷம் இரண்டு பேர் தூக்கிப் பார்த்தார்கள், பிறகு ஆறு பேர், பிறகு தூக்கும் யந்திரம் வந்து கயிறு அறுந்து போயிற்று. மேடைப் பலகை வளையத் தொடங்கியது. தச்சர் கீழே ஒட்டக்காவின் அறைக்கு வந்து மேலே பார்த்து, "ஆளோட எடை இல்லக்கா இது. எண்ணினதோட எடை" என்று சொல்லிவிட்டு மரத்தால் ஒரு முட்டுக் கொடுத்தார். அடுத்த மழைக்காலத்துக்கு முன் இன்னொன்று. போகப்போக அறையில் மேசையை விட முட்டுகள் அதிகமாயின. அவள் ஒன்றில் பசைத்துணியை மாட்டினாள், ஒன்றில் நாடாச் சுருளை மாட்டினாள், குனிந்து குனிந்து வேலை பார்த்தாள்.

அவளுடைய நாட்களைச் சொல்ல அதிகம் இல்லை. வீட்டில் இரண்டு தட்டுகளில் ஒன்றை மட்டும் கழுவினாள். இரட்டைக் கட்டிலில் சுவரோரம் மட்டும் படுத்தாள். "விதவைன்னும் சொல்ல முடியல, வாழாவெட்டின்னும் சொல்ல முடியல, உன்னை என்னன்னுடி சொல்றது?" என்று அவளுடைய அக்கா வந்து அழுதாள், பிறகு அக்காவும் வருவதைக் குறைத்துக்கொண்டாள். மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் ஒட்டக்கா மேடைக்கு ஏறி, அவர் காலடியில், அந்தச் சத்தமில்லாத வட்டத்துக்குள் உட்காருவாள். அங்கே பேசுவாள். குழாய் ஒழுகுவதை, அக்கா மகளுக்குக் கல்யாணம் ஆனதை, அளவுகோலுக்குக் கீழே உள்ள தாளை, எல்லாவற்றையும் சொல்வாள். அவருக்குக் கேட்காது, அவளுக்கே கேட்காது. அழுதால் அதுவும் கேட்காது. பிறகு கீழே இறங்கி நாடாவை நனைப்பாள். வேலை பார்க்கும்போது அவள் உதடும் அசையும். பிரார்த்தனை என்று நினைத்தார்கள். அவளும் கூடவே எண்ணிக்கொண்டிருந்தாள்.

இருபத்து மூன்றாம் வருஷம் உத்தரம் விரிசல் விட்டது. இனி எத்தனை முட்டுக் கொடுத்தாலும் இந்த மழையைத் தாங்காது என்று தச்சர் கையை விரித்தார். மேலாளர் கூட்டம் போட்டு, நாற்காலியைச் சுற்றிப் பலகையை அறுத்து, ஆளைக் கயிற்றில் கீழே இறக்குவது என்று முடிவு செய்தார். அறுக்கும்போது ஒரு குலுக்கல் போதும், எண்ணிக்கை விட்டுப்போகும். விட்டுப்போனால் அவர் எழுந்து இன்னொரு ஊருக்குப் போகப்போவதில்லை. கடைத்தெரு மூலைக்குத்தான் போவார். ஒட்டக்கா அன்று இரவு தூங்கவில்லை. போனால் போகட்டும், எங்கேயாவது முழு மனுஷனாக இருக்கட்டும் என்ற இடத்துக்கு வந்து சேர அவளுக்கு விடியும்வரை ஆயிற்று. காலையில் மேலாளரிடம் போய், "எனக்கு இன்னிக்கு ஒரு பொழுது குடுங்க" என்று கேட்டாள். எதற்கு என்றார். "என்னோட வேலைதான், பாக்கி இருக்கு" என்றாள்.

ஈரப் பஞ்சு, நாடா, தகடு, அந்த ஐந்தாவது தாள், இவ்வளவையும் எடுத்துக்கொண்டு மேடைக்கு ஏறினாள். நல்ல துணியாகப் பார்த்து உடுத்தியிருந்தாள். தாளை அவர் கண்ணிலிருந்து மறைக்கக் கூடாது, புரள்வதை நிறுத்தக் கூடாது. அதனால் தாங்கிக்குப் பின்னால் மண்டியிட்டு, அந்தத் தப்பான ஒட்டு சுற்றி வரும்போதெல்லாம் பஞ்சால் ஒற்றி விட்டாள். நெருக்கி ஒட்டியது லேசில் விடவில்லை. ஒவ்வொரு சுற்றுக்கும் கொஞ்சம் ஊறி, கொஞ்சம் இளகி, மத்தியானம் தாண்டிய பிறகு நாடா கிழியாமல் கையோடு வந்தது. நான்காவது தாள் முடிவதற்குள் ஐந்தாவதைச் சேர்த்தாள், நகக்கனம் இடைவெளி விட்டு. தகட்டால் ஒரு தேய். பிறகு எழுந்து தள்ளி நின்றுகொண்டாள். வாசற்படியில் மேலாளரும் ரம்பத்தோடு தச்சரும் நின்றிருந்தார்கள்.

ஜால்ரா புரட்டினார். புதுத் தாளைப் பார்த்ததில் அவருக்கு ஆச்சரியம் ஒன்றும் இல்லை. அவருக்கு அது வர வேண்டிய தாள். இரண்டு கட்டம் முன்னதாகவே எழுந்து தட்டுகளைத் தூக்கி, சரியான இடத்தில் மோதினார். அந்த ஒரு அடியில் இருபத்து மூன்று வருஷமாக அந்த வட்டம் விழுங்கிய சத்தமெல்லாம் சேர்ந்து வெளியே வந்தது. இரட்டைக் குழந்தைகளின் அழுகை வந்தது, வயலின்காரர்களின் வசவு வந்தது. ஆனால் எல்லாவற்றையும் விட ஒட்டக்காவின் குரல்தான் அதிகம் இருந்தது என்கிறார் தச்சர். எல்லாம் ஒரே சமயத்தில் வந்ததால் ஒரு வார்த்தையும் பிரிந்து கேட்கவில்லை. அரங்கத்து ஜன்னல்களில் பாதி உடைந்தது.

சத்தம் அடங்கியதும் ஜால்ரா தட்டுகளை உறையில் போட்டுத் தோளில் மாட்டிக்கொண்டு மனைவியைப் பார்த்தார். "கிளம்பலாமா? வண்டிக்கு நேரமாச்சு. உன் பெட்டி எங்க?"

"என் பெட்டியா?" என்றாள் ஒட்டக்கா.

"பின்ன, கட்டின துணியோடவா வரப்போறே?"

"நானும் வரவான்னு கேட்டேன். சும்மா இருன்னீங்களே."

"ஆமா. பொண்டாட்டி கேக்கற கேள்வியா அது?" என்றார். பிறகு அவள் தலையைப் பார்த்து, "என்ன இது வெள்ளையா? சுவத்துல சாஞ்சியா?" என்று கையால் தட்டிவிட்டார். போகவில்லை. இன்னொரு முறை தட்டிவிட்டார். ஒட்டக்கா அழுதாள். சத்தம் போட்டு அழுதாள். அந்த இடத்தில் அவள் அழுதது காதில் விழுந்தது அன்றைக்குத்தான்.

தப்பாக ஒட்டியதையும், தெரிந்தும் சரிசெய்யாமல் விட்டதையும் அவள் போகிற வழியிலேயே அவரிடம் சொல்லிவிட்டாள். அவர் கோபப்பட்டார். ஆனால் அவருக்குப் போனது ஒரு சனிக்கிழமை சாயங்காலம். ஒரு சாயங்காலம் வீணானால் ஒரு மனுஷன் எவ்வளவு கோபப்பட முடியுமோ அவ்வளவுதான் பட்டார். வண்டி ஏறுவதற்குள் ஆறிவிட்டது. அவளை மன்னிக்க அவருக்கு அவ்வளவு சுலபமாக முடிந்ததுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

அந்த ஊரில் அவரைக் கூப்பிட்டவர்கள் எல்லாம் போய்ச் சேர்ந்திருந்தார்கள். ஆனாலும் நன்றாக எண்ணத் தெரிந்தவருக்கு எங்கும் வேலை உண்டு, தாள் ஒட்டுகிறவளுக்கும் உண்டு. மாடியில் ஒரு அறை எடுத்துக் குடியேறினார்கள். அக்கம்பக்கத்தில் அவளை அவருடைய அம்மா என்று நினைத்துக்கொண்டார்கள். முதலில் அவர் திருத்திப் பார்த்தார், பிறகு "அட, சும்மா இருங்க" என்பதோடு நிறுத்திக்கொண்டார். அதை யார் எப்படி எடுத்துக்கொண்டார்களோ. பொழுது போனதும் இரண்டு பேரும் சேர்ந்து சாப்பிட்டார்கள், இரண்டு தட்டும் கழுவப்பட்டன. ஆனால் அந்த வருஷங்கள் அவள் ஒருத்திக்கு மட்டும் சொந்தமாக இருந்தன. பங்கு போட ஆள் பக்கத்திலேயே இருந்தும் பங்கு போட முடியவில்லை.

ஒருநாள் சாயங்காலம் ஜால்ரா கட்டிலில் உட்கார்ந்து முழங்காலில் தட்டிக்கொண்டிருந்தவர், சட்டென்று நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தார். "அத்தனை வருஷமும் நீ என்னதான் பண்ணிட்டு இருந்தே?" என்று கேட்டார்.

ஒட்டக்கா நாடாச் சுருளைக் கீழே வைத்தாள். "சும்மாதான் இருந்தேன்" என்றாள்.

சொல்லிவிட்டு அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். கட்டிலின் கால்கள் முனகின, தரைப்பலகை கீழ்நோக்கி வளைந்தது. கீழ்வீட்டுக்காரர்கள் மேலே பார்த்தார்கள். மறுநாள் ஒரு தச்சரைக் கூப்பிட்டு அந்த இடத்துக்கு ஒரு முட்டுக் கொடுத்துக்கொண்டார்கள். மழைக்காலத்துக்கு முன் இன்னொன்று வேண்டியிருக்கும் என்று தச்சர் சொல்லிப் போயிருக்கிறார்.